மட்டாஞ்சேரியில் ஒரு கிண்ணம் திராட்சரசம்

எர்ணாகுளத்திலிருந்து தோப்பும்படி வழியாக மட்டாஞ்சேரிக்குப் பேருந்தில் வருகிறவர்களுக்கு, இறங்க வேண்டிய இடத்தை மூக்கே சொல்லிவிடும். சுக்கும் மிளகும் ஏலமும் குவிந்து கிடந்த பண்டகசாலைகளின் வாசனை இன்னும் அந்தச் சுவர்களை விட்டுப் போகவில்லை. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் யூதத் தெரு. கொச்சியில் வாழும் நம்மவர்களில் பலர், ஊரிலிருந்து வரும் விருந்தினர்களை அழைத்துக் கொண்டு ஒரு தடவையாவது அந்தத் தெருவுக்குப் போயிருப்பார்கள். ஆனால் போவதற்கு வெள்ளிக்கிழமைப் பிற்பகலைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஏமாந்துதான் திரும்பியிருப்பார்கள். அந்த நேரத்தில் ஜெபாலயத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. சூரியன் சாய்ந்தால் யூதர்களின் ஓய்வு நாள் தொடங்கிவிடும்.

ஒரு காலத்தில் அந்த வெள்ளிக்கிழமை அந்தியில் தெருவின் ஒவ்வொரு வீட்டிலும் தேங்காயெண்ணெய் ஊற்றிய தூக்கு விளக்கு எரியும். மேஜையில் துணி மூடிய ரொட்டி இருக்கும். பக்கத்தில் வெள்ளிக் கிண்ணத்தில் செந்நிறத் திராட்சரசம். குடும்பத் தலைவர் கிண்ணத்தைக் கையில் ஏந்தி, திராட்சைக் கொடியின் கனியைப் படைத்தவனைத் துதித்து, முதலில் தாம் ஒரு வாய் அருந்திவிட்டு மற்றவர்களுக்குக் கொடுப்பார். இதற்குக் கித்தூஷ் என்று பெயர். வீட்டுக் குழந்தைக்கும் ஒரு சொட்டு உண்டு. மதுவிலக்கிலேயே வளர்ந்த நம் தலைமுறைக்கு இது சற்று விசித்திரமாகப் படலாம். அவர்களுக்கோ அது குடி அல்ல, வழிபாடு.

அந்தக் கிண்ணத்துக்குள் இருந்தது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பரதேசிகள்

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து தொடங்க வேண்டும். சுமார் கி.பி. 1000-ல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு ஒரு செப்பேடு வழங்கினான். பகல் விளக்கு, பல்லக்கு, குடை, பேரிகை என்று எழுபத்திரண்டு உரிமைகள் அதில் அடங்கும். அது பொறிக்கப்பட்டது வட்டெழுத்தில். எழுத்தை மட்டும் கற்றுக் கொண்டால் அதன் பல சொற்கள் தமிழ் வாசகருக்கு அந்நியமாகத் தோன்றா. செப்பேடு கொடுக்கப்பட்ட இடம் முயிரிக்கோடு. நம் சங்கப் புலவர்கள் பாடிய முசிறியேதான் அது.

முசிறிக்கு யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு போனதை அகநானூறு சொல்கிறது. யவனர் நல்ல கலங்களில் கொண்டு வந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் அருந்தியதைப் புறநானூறு சொல்கிறது. இது வெறும் கவிதை அல்ல. பட்டணம் என்ற சிற்றூரில் 2007 முதல் நடந்த அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மதுவும் எண்ணெயும் வந்த இருகைச் சாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஆக, கொச்சிக் கரைக்குத் திராட்சை மது புதியதே அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளாக அது கடல் வழியாக வந்து கொண்டிருந்த சரக்கு.

1568-ல் மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பக்கத்தில், கொச்சி ராஜா அளித்த நிலத்தில் எழுந்தது பரதேசி ஜெபாலயம். நம்மூரில் ‘பரதேசி’ என்றால் திட்டு. இங்கே அதற்குப் பிற தேசத்திலிருந்து வந்தவர் என்ற பழைய பொருள் அப்படியே நிலைத்திருக்கிறது. ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பின்னாளில் வந்து சேர்ந்த யூதர்களையே அப்படி அழைத்தார்கள். அவர்களுக்கும் முன்பே இங்கிருந்த மலபார் யூதர்களுக்குத் தனி ஜெபாலயங்கள் இருந்தன. இரு சாராருக்கும் இடையே நிலவிய பாகுபாடு பெரிய கதை. பெருமைக்குரிய கதை அல்ல.

கை பட்டால் ஆகாது

‘கோஷர்’ என்றால் தகுதியானது என்று பொருள். எதை உண்ணலாம், எப்படிச் சமைக்கலாம் என்பதற்கு யூதர்களிடம் உள்ள ஆசாரம் அது. இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. கொச்சி யூதப் பெண்களுக்கு இது ஒரு கஷ்டமாகவே இருந்ததில்லை. குழம்புக்குத் தேங்காய்ப்பால் இருக்கும்போது மாட்டுப்பால் எதற்கு?

ஆனால் திராட்சரசத்துக்கு உள்ள விதி வேறு எந்த உணவுக்கும் இல்லாத கடுமை வாய்ந்தது. பழம் நசுக்கப்படும் கணத்திலிருந்து புட்டியில் அடைத்து மூடும் வரை, ஓய்வு நாளைத் தவறாமல் அனுசரிக்கும் யூதர்களின் கைதான் அதில் படலாம். பிற தெய்வங்களுக்குப் படைத்த மது தங்கள் வாயில் போய்விடக் கூடாதே என்ற பழைய அச்சமே இதன் வேர். மதுவைத் தெளிய வைக்க எலும்புப் பசை சேர்க்கும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. இங்கே அதுவும் ஆகாது. முட்டை வெள்ளைக்கருவுக்குத் தடையில்லை. பிரான்சில் போர்தோ பகுதியின் சில புகழ்பெற்ற தோட்டங்கள் கோஷர் மதுவும் தயாரிக்கின்றன. அங்கே தோட்டத்தின் சொந்தக்காரரே தம் பீப்பாயைத் தொட முடியாமல் தள்ளி நின்று பார்க்க வேண்டியதுதான்!

ஒரே ஒரு விலக்கு உண்டு. காய்ச்சிய மதுவை யார் தொட்டாலும் தீட்டில்லை. இதை ‘மெவுஷால்’ என்பார்கள். முன்பு அடுப்பில் வைத்துக் காய்ச்சினார்கள், மணமும் ஆவியோடு போயிற்று. இப்போது இயந்திரத்தில் சில நொடிகள் மட்டும் சூடேற்றி உடனே குளிர வைத்துவிடுகிறார்கள்.

இத்தனை விதிகளோடு மட்டாஞ்சேரியில் ஒரு யூதக் குடும்பம் மதுவுக்கு எங்கே போகும்? கொச்சியின் மழைக்கும் ஈரத்துக்கும் திராட்சைக் கொடி தாங்காது. மலைக்கு அப்பால் நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விளைகிறது. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் பிறர் கையால் பிழிந்த ரசம் உதவாதே. கடைத் தெருவிலேயே விடை கிடந்தது. உலர்ந்த கறுப்புத் திராட்சையை வாங்கி, ஆய்ந்து கழுவி, நீரில் ஊற வைத்துச் சாறு எடுத்து வடிகட்டினார்கள். பிழிந்தால் கசிவு காணும் அளவுக்குப் பழத்தில் ஈரம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர்களுடைய சட்ட நூல்கள் இதை ஏற்றுக் கொள்கின்றன. பம்பாய்ப் பக்கத்துப் பெனே இஸ்ரேல் யூதர்களும் இதையே ‘ஷர்பத்’ என்று செய்தார்கள்.

நல்ல பழுப்புச் சிவப்பு நிறம், தித்திப்பு, போதை என்று சொல்ல அதிகம் இல்லை. பஸ்கா பண்டிகை இரவில் ஆளுக்கு நான்கு கிண்ணம் அருந்த வேண்டும் என்பது கட்டளை. அந்தப் பண்டிகைக்காகப் பல வாரங்களுக்கு முன்பே வீட்டை வெள்ளையடித்து, பாத்திரங்களைத் துலக்கி, அரிசியை ஒவ்வொரு மணியாக ஆய்ந்து எடுத்து வைத்த பெண்களின் சிரத்தையை நினைத்தால், நம் வீட்டு ஆசாரப் பாட்டிகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

இனிப்பும் துவர்ப்பும்

கோஷர் மது என்றால் பாகு போல இனிக்கும் என்ற பெயர் உலகெங்கும் நெடுநாள் இருந்தது. அதற்குக் காரணம் அமெரிக்கா. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் வந்து குடியேறிய யூதர்களுக்குக் கிடைத்தது கான்கார்டு என்ற திராட்சை. அதன் மது சர்க்கரை சேர்க்காமல் வாயில் வைக்க இயலாது. மானிஷெவிட்ஸ் போன்ற புட்டிகள் அந்த இனிப்பையே ஒரு மரபாக்கிவிட்டன. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது வழிபாட்டு மதுவுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். அந்த ஆண்டுகளில் திடீர் ‘மதகுரு’க்கள் எத்தனை பேர் முளைத்தார்கள் என்பது வேடிக்கையான வரலாறு!

பாலஸ்தீனத்தில் நிலைமை மாறத் தொடங்கியது, பாரன் எட்மண்ட் ரோத்ஸ்சைல்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரிஷோன் லெட்சியோனில் பெரிய மதுக் கிடங்கு அமைத்து, பிரெஞ்சு நாட்டுக் கொடிகளை நடுவித்தபோதுதான். ஆனாலும் இனிப்பு விடவில்லை. 1983-ல் கோலான் மேட்டில் ஓர் ஆலை தொடங்கி, குளிர்ந்த உயரத்தில் விளைந்த காபர்னே திராட்சையில் இனிப்பில்லாத, கனமான சிவப்பு மது செய்து காட்டிய பிறகே, கோஷர் என்பதற்கும் பாகு என்பதற்கும் சம்பந்தமில்லை என்பதை உலகம் ஒப்புக் கொண்டது.

அப்படி ஒரு புட்டி சென்ற ஆண்டு என் கைக்கு வந்தது. பள்ளுருத்தியில் உள்ள நண்பர் ஒருவரின் தங்கை இஸ்ரேலில் முதியோரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். விடுமுறைக்கு வந்தபோது கொண்டு வந்தது. மதுவைப் பற்றி எனக்குப் பெரிய ஞானம் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக் கொள்கிறேன். சிவப்பு மதுவைக் குளிர வைக்கக் கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி, கொச்சி வெயிலில் அலமாரியில் கிடந்த புட்டியை அப்படியே திறந்தேன். முதல் வாய் காரமாக ஏறிற்று. கஷாயம் தோற்றது போங்கள்! அந்த விதி குளிர்நாட்டு அறைகளுக்கு என்பது பிறகுதான் விளங்கியது. அரை மணி நேரம் குளிர்ப் பெட்டியில் வைத்து எடுத்து, அகன்ற கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொஞ்சம் காற்றாட விட்டோம். இப்போது அது வேறு பொருள்.

நிறம் நாவற்பழத்தின் தோல். மணத்தில் பழமும் ஏதோ மரமும். வாயில் வைத்தால் நீர் போல ஓடிவிடாமல் நல்ல டிகாக்‌ஷன் போலக் கனத்து நிற்கிறது. பின் நாக்கின் ஓரங்களில் ஒரு துவர்ப்பு. தோலோடும் விதையோடும் ஊறுவதால் வரும் துவர்ப்பு அது. வெறும் வாயில் குடித்தால் முரடாகத் தெரிகிறது. மிளகும் தேங்காய்ப்பாலும் சேர்த்த ஆட்டுக்கறியோடு ஒரு மிடறு எடுத்துக் கொண்டால், கொழுப்பைத் துவர்ப்பு அறுக்கிறது, துவர்ப்பைக் கொழுப்பு தணிக்கிறது. மெதுவாக, பேசிக் கொண்டே, ஒரு கிண்ணத்தை ஒரு மணி நேரம் அருந்தினோம். அவசரக்காரர்களுக்கு இது லாயக்கில்லை.

புட்டியின் பின்புறச் சீட்டைப் படித்தது அதன் பிறகுதான். கோஷர் முத்திரை இருந்தது. மெவுஷால் என்ற சொல் இல்லை. அதாவது, நான் தக்கையை இழுத்து ஊற்றியபோதே அந்த மது வழிபாட்டுக்குத் தகுதி இழந்துவிட்டது! மீதியை யூதத் தெருவில் யாருக்காவது கொடுக்கலாமே என்று நண்பர் சொன்னபோது இதைத்தான் விளக்க வேண்டியிருந்தது. கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து.

எஞ்சியவை

நாடு விடுதலை பெற்ற காலத்தில் கேரளத்தில் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு யூதர்கள் இருந்தார்கள். 1950-களின் நடுவில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். நெகேவ் பாலையில் நெவாத்திம், யூதேயா மலைப்பக்கம் மெசிலத் சியோன் ஆகிய ஊர்களில் கொச்சிக்காரர்கள் குடியேறினார்கள். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெபாலயத்தின் உள் மரவேலைப்பாடுகூடக் கடல் கடந்து ஜெரூசலம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டடத்தின் ஒரு பகுதி 2019-ல் மழையில் இடிந்து விழுந்தது.

1968-ல் பரதேசி ஜெபாலயத்தின் நானூறாவது ஆண்டு விழா நடந்தது. பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்தார். தபால் தலையும் வெளியிட்டார்கள். அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை தேய்ந்தது. பொதுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். வெளியூர் யூதப் பயணிகள் வந்து பத்தை நிரப்பினால் உண்டு என்ற நிலை வந்தது. தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019 ஆகஸ்டில் தமது 96-வது வயதில் காலமானார். ரொட்டியை மூடும் துணிகளும் தொழுகைத் தொப்பிகளும் தைத்தவர். கடைசிக் காலத்தில் அவரைக் கவனித்துக் கொண்டவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம். அந்தக் கடையைத் தொடர்ந்து நடத்தியவரும் அவரே. 2024 ஆகஸ்டில் குவீனி ஹலேகுவா மறைந்தபோது, பரதேசி யூதர்களில் ஒரே ஒருவர் எஞ்சினார். எர்ணாகுளம் பக்கத்தில் மலபார் யூதர் சிலர் இருக்கிறார்கள்.

கிண்ணத்தைக் கையில் ஏந்த ஒருவர் போதும். வீட்டில் தனியாகவும் கித்தூஷ் சொல்லலாம், அதற்குப் பத்துப் பேர் தேவையில்லை. ஆனால் திராட்சையை ஆய்ந்து ஊற வைத்த கைகள் போய்விட்டன. அந்தப் பக்குவம் தெரிந்தவர்களைத் தேட இப்போது நெவாத்திமுக்குத்தான் போக வேண்டும்.

சென்ற வெள்ளிக்கிழமை அந்தத் தெரு வழியாக வந்தேன். ஜெபாலயத்தின் கதவு சாத்தியிருந்தது. கடைக்காரர்கள் காஷ்மீர்ச் சால்வைகளை மடித்துக் கொண்டிருந்தார்கள். கடைத் தெருவில் கால் கிலோ கறுப்பு உலர் திராட்சை வாங்கிக் கொண்டு வீடு திரும்பினேன். இரவு ஊற வைத்து, காலையில் பிழிந்து வடித்ததில் இரண்டு தம்ளர் சாறு கிடைத்தது. பேரன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் கேட்டான்.