பாய் பார்த்த கிடார்

லாங் பஜாரில் கால் கிலோ பூண்டு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிற ஆசாமி நான். அப்பேர்ப்பட்டவன், ஒரு பழைய கிடாருக்கு இரண்டரை லட்சம் என்றதும் "சரிங்க" என்று தலையாட்டப் பார்த்தேன்!

பேஸ் கிடார். இளையராஜா பாட்டில் எல்லாவற்றுக்கும் அடியில் 'தும் தும்' என்று ஒன்று தனியாக நடந்து போகுமே, அதேதான். வாலிப வயசில் மெல்லிசைக் குழுவில் இரவல் பேஸ் வாசித்தவன். ரிட்டயர்மென்ட் பணம் கைக்கு வந்ததும், சொந்தமாக ஒரு பழைய ஃபெண்டர் வேண்டுமென்று கிறுக்குப் பிடித்தது. வீட்டம்மா ஒரு வாரம் பேசவில்லை.

லியோ ஃபெண்டர் தன் 'பிரிசிஷன் பேஸை' அமெரிக்காவில் கொண்டுவந்தது 1951-ல். 1965-ல் கம்பெனி சி.பி.எஸ். கைக்கு மாறியது. அதற்கு முந்தைய சரக்கின் விலையை உட்கார்ந்துகொண்டுதான் கேட்க வேண்டும். என் சக்திக்கு எழுபதுகள்தான்.

சென்னையில் ஒரு வியாபாரியிடம் 1977 மாடல் இருப்பதாகத் தகவல். துணைக்கு ஆம்பூர் நண்பர் பாயைக் கூட்டிப்போனேன். தோல் ஷாப்பில் முப்பது வருஷம் 'செலெக்‌ஷன்' பார்த்தவர்.

கறுப்பு கிடார் பளபளவென்று மின்னியது. தலையில் 'எஸ்7' என்று தொடங்கும் நம்பர். 1977-க்குப் பொருத்தம். "எல்லாம் ஒரிஜினல் சார்" என்றார் வியாபாரி. எனக்கு ஜொள்ளு!

பாய் மட்டும் விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "நாப்பது வருஷத்துக்கு மேல ஆளுங்க கைபட்ட மரம். ஒரு கீறல்கூட இல்லியே? கழட்டிக் காட்டுங்க தம்பி."

வியாபாரி முகம் சுருங்கியது. நாலு ஸ்க்ரூ கழன்று கழுத்து தனியே வந்தது. அது உட்காரும் பள்ளத்தின் ஓரத்தில், கறுப்புக்கு அடியில் பழைய மஞ்சளும் பழுப்பும் எட்டிப் பார்த்தன. மறுபெயின்ட்!

"முள்ளுக் கீறல் பட்ட தோலை பஃபிங்ல தேச்சு, மேலே கலர் அடிச்சு மறைப்பாங்க. பாக்க ஷோக்கா இருக்கும். ஆனா கிரெயின் போச்சுன்னா விலை போச்சு" என்றார் பாய்.

கிடாரிலும் அதே கணக்குதான். பழைய பெயின்ட் உரிந்து அசிங்கமாக இருந்தாலும் அதற்குத்தான் மதிப்பு. புதிதாக அடித்தால் பாதி விலைகூடப் போய்விடும்.

எனக்கும் தைரியம் வந்தது. வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள பாகத்தைப் பார்க்கணும் என்றேன். அதன் முதுகில் 1378412. முதல் மூன்று எண் அதைச் செய்த சி.டி.எஸ். கம்பெனி; அடுத்தது 84-ம் வருஷம், 12-வது வாரம். அந்தப் பாகம் கிடாருக்கு முன்னால் பிறந்திருக்கலாம், ஏழு வருஷம் கழித்துப் பிறக்குமா? மாற்றியிருக்கிறார்கள்.

"வாசிக்கத்தானே சார் வாங்கறீங்க? ம்யூசியத்துலயா வைக்கப் போறீங்க?" என்றார் வியாபாரி. நியாயமான கேள்வி. அதனால்தான் வாங்கினேன். ஆனால் வாசிக்கிறவன் விலைக்கு! பாய் துண்டை உதறித் தோளில் போட்டு, இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பிய பிறகு படிந்தது.

என்ன விலைக்கு என்கிறீர்களா? எழுத மாட்டேன். எங்கள் வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறோம்.