கழன்று போகும் ஒரு கார்பன்

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் படித்தவர்களுக்கு ஹாஃப்மன் வினை நினைவிருக்கும். அமைடுடன் புரோமினும் எரிசோடாவும் சேர்த்துச் சூடாக்கினால் அமைன் கிடைக்கும். ஒரு கார்பன் குறையும். மதிப்பெண்ணுக்கு இது போதும். ஆனால், அந்தக் கார்பன் கழலும் விதம்தான் இதில் அழகு.

அமைடின் நைட்ரஜனில் இரண்டு ஹைட்ரஜன்கள் உண்டு. ஒன்றைக் காரம் பறிக்க, அங்கே புரோமின் வந்து அமர்கிறது. மற்றதையும் காரம் பறித்ததும் நைட்ரஜன் நிலைகொள்ளாமல் தவிக்கிறது. புரோமின் விலகும் அதே வேளையில், பக்கத்துக் கார்பனில் தொங்கிய தொகுதி நைட்ரஜனுக்குத் தாவுகிறது. குரங்கு கிளை தாவுவது போல அது அந்தரத்தில் நிற்பதே இல்லை. அதனால்தான் இடக்கை, வலக்கை வடிவம் கொண்ட தொகுதிகள்கூட வடிவம் மாறாமல் இடம் மாறுகின்றன.

தாவலில் பிறப்பது ஐசோசயனேட். அசிட்டமைடில் தொடங்கினால் அது மெத்தில் ஐசோசயனேட். ஆம், 1984-இல் போபாலில் கசிந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற அதே நச்சு. இங்கே தண்ணீரும் காரமும் அதை உடனுக்குடன் சிதைத்துவிடுகின்றன. தனித்துப்போன கார்பன் கார்பனேட்டாக வெளியேற, மெத்திலமைன் மிஞ்சுகிறது.

1881-இல் பெர்லினில் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன் இதை அறிவித்தபோது இது ஆய்வகச் சங்கதி. அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது நீலச் சாயம். கார்ல் ஹாய்மன் 1890-இல் கண்ட செயற்கை இண்டிகோ வழிக்கு ஆந்த்ரானிலிக் அமிலம் தேவைப்பட்டது. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் மலிவான நாஃப்தலீனிலிருந்து தாலிமைடு செய்து, ஹைப்போகுளோரைட்டும் காரமும் கொண்டு ஹாஃப்மன் வழியில் அந்த அமிலத்தை எடுத்தது. புரோமினின் வேலையை விலை குறைந்த குளோரின் செய்தது. 1897-இல் செயற்கை இண்டிகோ சந்தைக்கு வந்தது.

இயற்கையாக இந்த நீலச் சாயத்தைத் தரும் அவுரிச் செடியின் விலை சரிந்தது. பீகாரின் சம்பாரணில், நிலத்தில் இருபதில் மூன்று பங்கு அவுரி போட்டே ஆகவேண்டும் என்று குடியானவர்களைக் கட்டிவைத்திருந்த வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள், நட்டத்தைத் தாங்கள் ஏற்கவில்லை. அவுரியிலிருந்து விடுவிக்கிறோம் என்று சொல்லிக் குத்தகையை உயர்த்தினார்கள், மொத்தமாகப் பணமும் கறந்தார்கள். 1917-இல் காந்தி அங்கே போனதற்கு இந்த அநியாயமும் ஒரு காரணம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஹாஃப்மன் வினையைக் கரும்பலகையில் எழுதும் நாளில் சம்பாரணையும் ஐந்து நிமிடம் சொல்லுங்கள்.