தண்ணி குடிக்கும் அம்பாசடர்

"அண்ணாச்சி, எஞ்சின் வேல பாத்து ஒரு மாசங்கூட ஆகல. அதுக்குள்ள வண்டி தண்ணி குடிக்கி." திருநெல்வேலியில் பழைய அம்பாசடரை ஆசையாக வைத்திருப்பவர்களிடம் இந்த முறையீட்டைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அடுத்து நடப்பதும் பெரும்பாலும் ஒன்றுதான். "ஹெட் கேஸ்கட் போயிருக்கும்" என்று ஹெட்டைக் கழற்றுவார்கள். லேத்துக்கு அனுப்பிச் சீவி, புது கேஸ்கட் போட்டு மாட்டுவார்கள். பத்து நாள் கழித்து மூடியைத் திறந்தால் ரேடியேட்டரில் அதே குறைவு.

ஹெட்டைக் கழற்றுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைகளுக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பொறுமைதான் தேவை.

முதல் கேள்வி, உண்மையிலேயே ஒழுகுகிறதா என்பது. புதிதாகக் கட்டிய எஞ்சினுக்குள் தண்ணீர் ஊற்றும்போது மூலைகளில் காற்று அடைபட்டுக் கிடக்கும். தெர்மோஸ்டாட் திறந்து தண்ணீர் சுற்றத் தொடங்கியதும் அந்தக் காற்று மேலே வர, மட்டம் இறங்கும். வண்டியின் முன்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தி இரண்டு மூன்று முறை சூடாக்கி ஆறவிட்டால் இது சரியாகிவிடும்.

இன்னொன்று, நாமே உண்டாக்கும் குறைவு. பல பழைய வண்டிகளில் வழியும் தண்ணீரைப் பிடித்துத் திரும்ப அனுப்பும் பாட்டில் கிடையாது. ரேடியேட்டர் வாயிலிருந்து ஒரு குழாய் நேரே தரைக்கு இறங்கும், அவ்வளவுதான். தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் சுமார் 3 சதவீதம் விரியும். ஏழு லிட்டர் பிடிக்கும் எஞ்சினில் அது 200 மில்லிக்கு மேல். வாய் வரை ஊற்றினால் அந்த 200 மில்லி வெளியே போயே தீரும். மறுநாள் காலையில் "குறைஞ்சிருக்கே" என்று மறுபடி வாய் வரை ஊற்றுவோம். அதுவும் போகும். எனவே தண்ணீர் தானாக எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே விட்டு, ஒரு வாரம் கிலோமீட்டரையும் மட்டத்தையும் குறித்து வாருங்கள். அதற்குக் கீழும் இறங்கினால்தான் கசிவு.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. இது அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. 7 பி.எஸ்.ஐ. என்று பொறித்த மூடி, தண்ணீரின் கொதிநிலையைச் சுமார் 111 டிகிரிக்கு உயர்த்துகிறது. அதன் ரப்பர் காய்ந்துபோனால் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து சேரன்மாதேவி, அம்பை, விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம் வரை சமதளத்தில் ஒன்றும் தெரியாது. காரையாறு அணைக்கு மலை ஏறும்போது தண்ணீர் கொதித்து வெளியேறும். பழியை ஹெட் கேஸ்கட் சுமக்கும். அதற்காக, கடையில் கிடைக்கிறதே என்று புதுக் காருக்கான அதிக அழுத்த மூடியை மாட்டிவிடாதீர்கள். ஈயத்தால் பற்றவைத்த பழைய பித்தளை ரேடியேட்டர் அந்த அழுத்தத்தைத் தாங்காது, பற்று விட்டுப்போகும்.

இனி அழுத்தச் சோதனை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. ரேடியேட்டர் வாயில் கைப்பம்பும் முள் மானியும் சேர்ந்த கருவியைப் பொருத்தி, மூடியில் பொறித்த அளவு வரை மட்டும் காற்றடித்து, இருபது நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் எங்கோ வழி இருக்கிறது. தரையில் விழுந்த சொட்டை நம்பாதீர்கள். ஓடும்போது ஃபேன் காற்று தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும், முன்னால் கசிந்தது நடுவில் சொட்டும். சந்தேகப்படும் இடங்களைத் துணியால் துடைத்துவிட்டு முகப் பவுடரைத் தூவிப் பாருங்கள். ஈரம் ஓடிய தடம் கோடாகத் தெரியும்.

ஹோஸ் கிளிப்புகள், தெர்மோஸ்டாட் கூடு, ரேடியேட்டர் பற்றுகள் எல்லாம் கண்ணுக்கு எட்டும் இடங்கள். நம் மெக்கானிக்குகள் வாட்டர் பாடி என்று சொல்லும் வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து தண்ணீர் வந்தால் உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைப்பது வைத்தியம் ஆகாது, பேரிங்கையும் சேர்த்துக் கெடுக்கும்.

வேலை பார்த்த எஞ்சினுக்கே உரிய கசிவு ஒன்று உண்டு. பலர் இதை யோசிப்பதில்லை. உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடரின் புகழ்பெற்ற 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. பல வருடம் வெறும் தண்ணீரில் ஓடிய வார்ப்பிரும்பு உள்ளுக்குள் துருவால் அரிக்கப்பட்டிருக்கும். அரித்த துளையை அந்தத் துருவே அடைத்துக்கொண்டும் இருக்கும். எஞ்சினைப் பிரித்து, மருந்தில் ஊறவைத்துச் சுத்தமாகக் கழுவும்போது அந்த அடைப்பு போய்விடுகிறது. "நல்லா ஓடுன வண்டி, வேல பாத்த பெறவுதான் ஒழுகுது" என்ற குறைக்குப் பல நேரம் இதுவே காரணம். தவறு எப்போதும் மெக்கானிக் மேல்தான் என்று சொல்ல முடியாது.

பிளாக்கின் பக்கத்தில் வட்டத் தகடுகளாகத் தெரியும் வெல்ச் பிளக்குகளிலும் இதே கதைதான். பழையதை மாற்றாமல் விட்டாலோ, உட்காரும் விளிம்பைத் துரு போகத் தேய்க்காமல் புதியதை அடித்தாலோ ஓரத்தில் கசியும். சில எஞ்சின்களில் பின்பக்கம், ஃபிளைவீலுக்கு எதிரே ஒரு பிளக் இருக்கும். அது கசிந்தால் தண்ணீர் கியர்பாக்ஸ் தொடங்கும் இடத்தில் சொட்டி, ஆளை அலைக்கழிக்கும்.

முள் இறங்குகிறது, வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் மட்டும் எஞ்சினுக்குள் தேடுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால், தண்ணீர் புகும் சிலிண்டரின் பிளக் மட்டும் ஆவியில் கழுவியதுபோல் சுத்தமாக இருக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் ஆயில் டிரெயின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால், ஆயிலை விடக் கனமான அதுதான் முதலில் வரும். ஆயில் மூடியில் படியும் வெள்ளைப் பாலாடையை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். பக்கத்துத் தெரு வரை ஓட்டி நிறுத்தும் வண்டியிலும், எஞ்சின் முழுச் சூடு பிடிக்காததால், அது படியும்.

உறுதி செய்ய இரண்டு வழி. ரேடியேட்டர் வாயில் எழும் காற்றை நீலத் திரவம் வழியாக உறிஞ்சும் கருவி உண்டு. எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். அது கிடைக்காவிட்டால், ஒவ்வொரு சிலிண்டரையும் இரண்டு வால்வும் மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, பிளக் ஓட்டை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து ரேடியேட்டரைப் பாருங்கள். எந்தச் சிலிண்டரில் குமிழி வருகிறதோ அங்கேதான் கோளாறு.

அப்போதும், ஹெட்டைக் கழற்றும் முன் ஒரு படி பாக்கி இருக்கிறது. இந்தக் கால எஞ்சின்களுக்குப் பொருந்தாத, பழைய எஞ்சின்களுக்கு அவசியமான வேலை அது. புது கேஸ்கட் சூடுபட்டு அமுங்கும், நட்டுகள் பிடி தளரும். ஆகவே சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், ஆறிய எஞ்சினில், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு நட்டையும் சற்றே தளர்த்தி, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்க வேண்டும். பிறகு டேப்பட் இடைவெளி பார்க்க வேண்டும். இதைச் செய்யாததாலேயே நல்ல கேஸ்கட்டும் கசியத் தொடங்கும். பிரீமியர் பத்மினிக்கு இது இன்னும் முக்கியம். அதன் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை.

கடைசியாகத் தண்ணீர். "நம்மூர்ல பனியா உறையுது, கூலண்ட் எதுக்கு?" என்று கேட்பார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை. துருப்பிடிக்காமல் காப்பது இன்னொன்று, நமக்கு வேண்டியது அதுதான். போர்த் தண்ணீரின் உப்பு உள்ளே காரையாகப் படியும். தாமிரபரணித் தண்ணீர் மென்மையானதுதான், ஆனாலும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்க அது போதும். வடிநீரில் கலந்த கூலண்டை ஊற்றுங்கள். பழையதை வாய்க்காலில் கொட்டாதீர்கள். அது இனிப்பான விஷம், ஆடு மாடு குடித்தால் செத்துப்போகும்.

அடுத்த முறை யாராவது "ஹெட்டைக் கழட்டிருவோம்" என்றால், அழுத்த மானியின் முள் இறங்குவதை உங்கள் கண்ணுக்குக் காட்டச் சொல்லுங்கள். காட்டும்வரை ஸ்பேனரை எடுக்க விடாதீர்கள்.