கட்டளையும் செயலும்: மின்காந்த ஆளிகளில் ஆமேச்சரின் அசைவை அறிதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் விவசாயப் பொருளாதாரம் கிணற்றை அச்சாகக் கொண்டது. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத இச்சுண்ணாம்புக்கல் நிலத்திலே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் நிலத்தடி நீரை இறைத்தே விளைவிக்கப்பட்டு வந்துள்ளன. துலாவின்மீது மனிதர் ஏறி மிதித்த காலத்திலே நீர் மேலே வந்ததா என்ற ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. பட்டையைக் கவிழ்த்தவரின் கைக்கே அது தெரியும். மண்ணெண்ணெய் இயந்திரமும் மின்மோட்டரும் வந்தபோது உடலுழைப்புக் குறைந்தது. ஆயின் கட்டளைக்கும் செயலுக்குமிடையே ஓர் இடைவெளியும் தோன்றிற்று. பொத்தானை அழுத்துவது கட்டளை. மோட்டர் சுழல்வது செயல். காந்த ஆளி பொருத்தப்பட்ட தொடக்கிப் பெட்டிகளிலே இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு சிறிய இரும்புத்துண்டின் அசைவு. அவ்வசைவை எவ்வாறு அறிவது, எவ்வாறு கட்டுப்படுத்துவது என்பதே இங்கு நோக்கப்படுகின்றது. இது பொறியியலாளருக்கு மாத்திரம் உரிய வினா அன்று என்பது என் துணிபு.

அவ்விரும்புத்துண்டை நமது பாடநூல்கள் ஆமேச்சர் என்று ஒலிபெயர்த்தே வழங்குகின்றன. இலத்தீன் மூலத்திலே அச்சொல் படைக்கலத்தையும் கவசத்தையும் குறித்தது. காந்தக்கல்லின் வலு குன்றாதிருக்க அதன் முனைகளில் அணிவிக்கப்பட்ட இரும்புக்கு அப்பெயர் வந்து சேர்ந்தது. கவசமாக அசையாதிருந்த பொருளின் பெயரே பின்னர் அசையும் பொருளுக்கு ஆயிற்று. இரும்பு அகணியைச் சுற்றிய கம்பிச்சுருளில் மின் பாயும்போது அகணி காந்தமாகி, விற்சுருளின் எதிர்ப்பை வென்று ஆமேச்சரை இழுக்கின்றது. ஆமேச்சரோடு பிணைந்த தொடுகைகள் பொருந்த, மோட்டருக்கு மின் செல்கின்றது. மின் நின்றால் வில் அதனைத் திருப்பித் தள்ளும்.

இதனைப் பழகியவர்கள் காதாலேயே கணித்தனர். ‘டக்’ என்ற ஒற்றை ஒலி கேட்டால் நன்று. ‘கிர்ர்’ என்ற இடையறா அதிர்வொலி கேட்டால் ஏதோ பிழை. ஆடலோட்டம் செக்கனுக்கு 50 வட்டங்கள் ஓடுவதால், இழுவிசை செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தை நெருங்கும். அவ்வேளைகளில் ஆமேச்சர் நழுவாதிருக்க அகணியின் முகத்திலே ஒரு செப்பு வளையம் பதிக்கப்படுகின்றது. அது காந்தப்பாயத்தின் ஒரு பகுதியைத் தாமதப்படுத்தி இழுவிசை முற்றாக அற்றுப்போகாமற் காக்கின்றது. வளையம் உடைந்தாலோ மின்னழுத்தம் தாழ்ந்தாலோ அதிர்வு தொடங்கும். இத்தகைய ஆளிகள் குறித்த அழுத்தத்தின் 85 சதவீதத்தில், அதாவது 230 வோல்ற்றுக்குரியவை ஏறத்தாழ 195 வோல்ற்றில், இழுத்தாக வேண்டும் என்பது சர்வதேச நியமம். அதற்குக் கீழே ஆமேச்சர் பாதிவழியில் நின்றுவிடலாம். காற்றிடைவெளி மூடாதவரை சுருளில் வழமையைவிடப் பன்மடங்கு மின்னோட்டம் பாய்வதால் சுருள் கருகிப்போகும்.

செவியால் அசைவை அறியும் இவ்வாற்றலுக்குத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு முன்னோடி உண்டு. மோர்சின் தந்தி 1844இலே வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்குமிடையே இயங்கத் தொடங்கியபோது, ஆமேச்சரின் அசைவுகள் காகித நாடாவிற் பதிவாக, அதனைப் பார்த்தே செய்தி வாசிக்கப்பட்டது. தந்தி ஊழியரோ நாளடைவில் நாடாவைப் பாராமல், ஆமேச்சர் மோதும் ஒலியைக் கேட்டே எழுதப் பழகினர். வடிவமைத்தவர்கள் எண்ணியிராத திறன் இது. இலங்கையில் 1858இல் கொழும்புக்கும் காலிக்குமிடையே முதலாவது தந்திக் கம்பி செல்வதற்குள் செவிவழி வாசிப்பு ஒரு தொழிற்கலையாகிவிட்டது. தொழிலாளியின் திறனை இயந்திரம் உட்கொள்வது பற்றி மார்க்ஸ் விரிவாக எழுதியுள்ளார். செவியின் திறனும் அவ்வாறே உட்கொள்ளப்பட்டது. ஆனால் அதற்கு நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

உட்கொண்ட விதத்தைக் குடாநாட்டு வாசகருக்கு விளக்குதல் எளிது. 1990களின் பொருளாதாரத் தடையின்போது மின்சாரமும் மின்கலங்களும் இல்லாத நிலையிலே, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் இவர்கள். டைனமோவின் உட்பொருள் பரடே 1831இல் கண்ட விதியே: சுருளினூடாகச் செல்லும் காந்தப்பாயம் மாறினால் அச்சுருளில் மின்னியக்கவிசை பிறக்கும். ஆளியின் சுருளும் இவ்விதிக்கு விலக்கன்று. ஆமேச்சர் நெருங்குகையில் பாயம் மிகுகின்றது. சுருள் தன்னளவில் ஒரு டைனமோவாகி, தன்னை ஊட்டும் மின்னோட்டத்தையே எதிர்க்கின்றது. ஆகவே நேரோட்டம் ஊட்டப்பட்ட சுருளிலே மின்னோட்டம் ஏறி, ஆமேச்சர் விரையும்போது சற்றே இறங்கி, அது மோதி நின்ற கணத்தில் மீண்டும் ஏறுகின்றது. வரைபிலே ஒரு சிறு பள்ளம் தோன்றும். பள்ளத்தின் அடி ஆமேச்சர் இருப்பிடம் சேர்ந்த கணத்தைக் காட்டும். பள்ளமே இல்லையெனில் அது பெரும்பாலும் அசையவில்லை. தனி உணரி ஒன்றும் வேண்டியதில்லை. இழுக்கும் கையே தொட்டறியும் கையுமாகின்றது.

அறிந்தபின் ஆளலாம். இடைவெளி குறையக் குறைய இழுவிசை மிக விரைவாகப் பெருகுவதால் ஆமேச்சர் இறுதியிலேதான் அதிவேகங்கொள்கின்றது, மோதித் துள்ளுகின்றது, துள்ளும் ஒவ்வொரு முறையும் தொடுகைகளிற் பொறி எழுந்து அவை தீய்கின்றன. இதனைத் தவிர்க்க, முதலில் வலிய மின்னோட்டம் கொடுத்து, மோதுமுன் குறைத்து, பின்னர் பிடித்துவைக்கப் போதுமான சிறிதளவை மட்டும் விடுகின்றனர். விடுவிப்பதிலும் சிக்கலுண்டு. மின்னை நிறுத்தியதும் சுருளில் எழும் உயரழுத்தத்தை அடக்க ஓர் இருவாயி இணைப்பர். அது சுற்றைக் காக்கும், ஆனால் ஆமேச்சர் விடுபடுவதைத் தாமதப்படுத்தும். பாதுகாப்பும் விரைவும் இங்கு எதிரெதிர் நிற்கின்றன. 1990களின் பிற்பகுதியிற் பரவிய பொது எரிபொருட்குழாய் டீசல் எஞ்சின்களிலே மில்லிசெக்கனின் பின்னங்கள் இவ்வாறுதான் ஆளப்படுகின்றன.

சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் பயன்படும் வரிச்சுருள் வால்வுகளுக்கு வரும்போது ஓர் எல்லை புலனாகின்றது. இவற்றிலே ஆமேச்சர் திறப்பது ஊசித்துளை போன்ற ஒரு வழியை மட்டுமே. பிரதான மென்றகட்டை உயர்த்துவது நீரின் அழுத்தம். குடாநாட்டுக் கிணற்று நீர் வன்னீர். சுண்ணாம்புப் படிவு தண்டை இறுக்கினால் மின்னோட்டப் பள்ளம் மறைந்து பழுதைக் காட்டிக்கொடுக்கும். துளை அடைபட்டாலோ ஆமேச்சர் ஒழுங்காக அசையும், பள்ளமும் தோன்றும், பயிருக்கு நீர் மட்டும் வராது.

1979 மார்ச் 28இல் பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்திலே நிகழ்ந்தது இதன் கொடிய வடிவம். அழுத்தந்தணிக்கும் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டறை விளக்கோ வரிச்சுருளுக்கு மின் செல்கிறதா என்பதை மட்டும் காட்டிற்று. மின் நின்றது, விளக்கு அணைந்தது, வால்வு மூடிவிட்டதென்று ஊழியர் கொண்டனர். இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலையின் அகணியில் ஏறத்தாழ அரைவாசி உருகிற்று. கெமனி ஆணைக்குழு ஊழியரின் தவறுகளைக் குறிப்பிட்டது. பயிற்சியின் குறைவையும் கட்டுப்பாட்டறை அமைப்பின் குறையையும் அதே அறிக்கையிலே சுட்டியது. பொதுப்பேச்சில் நிலைத்ததோ ஊழியரின் தவறு மட்டுமே. கட்டளையைச் செயலெனக் காட்டிய விளக்கை அங்கு வைத்தவர் ஊழியர் அல்லர். சுருளின் மின்னோட்டத்தைக் கவனித்திருந்தாலும் முழு உண்மை தெரிந்திராது. ஏனெனில் சுருள் அசைத்தது பிரதான வால்வை அன்று, அதனை ஏவும் சிறு வால்வையே. விபத்தின்பின் இத்தகைய வால்வுகளின் உண்மை நிலையை நேரடியாகக் காட்டும் ஏற்பாடு அமெரிக்க நிலையங்களிற் கட்டாயமாக்கப்பட்டது. பல இடங்களிலே அதற்கெனப் பொருத்தப்பட்டவை, வெளியேற்றக் குழாயினூடே ஏதேனும் பாய்கிறதா என்று ஒற்றுக்கேட்கும் ஒலியுணரிகள்.