மூன்று கல் அடுப்பும் ஒரு பைக்கும்

எங்கள் வீட்டுச் சமையல் மேடை 34 அங்குல உயரம். மேஸ்திரி எல்லா வீட்டுக்கும் போடும் அளவு அதுதான். அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். குடிவந்த முதல் வாரமே தோள்பட்டை கடுக்கிறது என்றார். இரண்டாவது வாரம், பரணில் கிடந்த பழைய மணையை இறக்கி அடுப்புக்கு முன்னால் போட்டு, அதில் ஏறி நின்று தோசை வார்த்தார். மணையின் உயரம் 2 அங்குலம் இருக்கும். தோள்வலி போய்விட்டது. மேடையை யாரும் இடிக்கவில்லை.

நாலு வருஷம் கழித்து நான் ஒரு பைக்கை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முப்பது கிலோமீட்டர் போனாலே உள்ளங்கை மரத்துப்போகும். கழுத்தின் பின்பக்கம் யாரோ முறுக்கு உரலைத் திருகுவது போல இருக்கும். அப்போது அந்த மணைதான் ஞாபகம் வந்தது. வண்டிக்கும் மணை போடலாம். எங்கே போடுவது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

கல் கூட்டி உலை வைத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அடுப்புக்கு மூன்று கல். ஒன்றை அரை விரற்கடை தூக்கினால் கஞ்சி எதிர்ப்பக்கம் வழியும். அதைச் சரிக்கட்ட அடுத்த கல்லைத் தூக்கினால் சரிவு மூன்றாவது கல் பக்கம் திரும்பும். பைக்கில் உட்காருகிறவரின் உடம்பும் மூன்று இடத்தில்தான் தாங்கி நிற்கிறது: சீட், ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில்பார். சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்து முழங்கால் மடங்கும். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்து முதுகு குனியும். ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் தள்ளினால் இடுப்பு முன்னால் கவிழும், பாரம் கைக்கு இறங்கும். ஆக, கை வலிக்குக் காரணம் காலடியில் இருக்கலாம்.

இந்த மூன்று கல்லின் மகிமையைப் பார்க்க ராயல் என்ஃபீல்டின் இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் போதும். 2018-இல் வந்த இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650. இரண்டுக்கும் அதே 648 சிசி இரட்டை சிலிண்டர் என்ஜின், ஏறக்குறைய அதே சட்டகம். இன்டர்செப்டரில் ஹேண்டில்பார் உயர்ந்து அகன்று நிற்கும். நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்குவது போல ஓட்டலாம். கான்டினென்டல் ஜிடியில் ஹேண்டில் தாழ்ந்து, ஃபுட்ரெஸ்ட் பின்னால் போய், ஆட்டுக்கல்லில் கவிழ்ந்து மாவு தள்ளுகிற தோரணை வந்துவிடும்.

கவிழ்ந்து ஓட்டுவது தப்பான காரியம் என்று நான் சொல்ல வரவில்லை. லண்டனின் வடக்குச் சுற்றுச் சாலையில் 1938-இல் திறந்த ஏஸ் கஃபேயை, ஐம்பது அறுபதுகளில் பைக் பைத்தியம் பிடித்த இளைஞர்கள் மொய்த்தார்கள். தாழ்ந்த ஹேண்டிலையும் பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்ட்டையும் தாங்களே மாட்டிக்கொண்டு, மணிக்கு 100 மைல் தொடுவதே லட்சியமாகத் திரிந்தார்கள். அந்த வேகத்தில் எதிர்க்காற்று நெஞ்சில் மோதி உடம்பின் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும், மணிக்கட்டுக்கு வேலை குறையும். கோவை அவிநாசி சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறபோது தாங்குவதற்குக் காற்று ஏது? அத்தனை பாரமும் இரண்டு உள்ளங்கையில். என் வலிக்கு இதுதான் மூலம்.

சரி, சமையலுக்கு வருவோம். உலோகத்தைத் தொடுவதற்கு முன்னால் உப்புப் பார்க்க வேண்டும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி உட்கார்ந்து, பாதத்தை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். தோளைத் தளர்த்தி, முழங்கை லேசாக மடங்கியிருக்கும்படி இரண்டு கையையும் நீட்டினேன். என் மனைவி மாப் குச்சியை அந்தக் கைகளுக்குள் கொடுத்துவிட்டு, பக்கவாட்டில் நின்று செல்போனில் படம் எடுத்தாள். கண்ணைத் திறந்து பார்த்தால் குச்சி ஹேண்டில்பாருக்கு 3 சென்டிமீட்டர் மேலே, ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் இருந்தது. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்க இருந்த புது ஹேண்டில்பாருக்குப் பதில் எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். அதே மாதிரி, சீட்டில் துண்டை நாலாக மடித்துக் கயிற்றால் கட்டி ஒரு வாரம் ஓட்டினால், சீட் உயர்ந்தால் முழங்காலுக்கு என்ன ஆகும் என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும்.

முதலில் சீட்டைச் செய்தேன். கெட்டுப்போனால் உயிருக்கு ஆபத்தில்லாத பாகம் அது ஒன்றுதான். கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது மெத்தென்று இருக்கிற சீட்டுதான் நாற்பதாவது கிலோமீட்டரில் எதிரியாகிறது. நாம் உட்காரும்போது பாரம் முழுக்க இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. ஃபோம் இட்லி மாதிரி இருந்தால் அந்த முனைகள் அதை நசுக்கி அடித்தகட்டைத் தொட்டுவிடும். ஆகவே அடியில் அடை, மேலே இட்லி. அடைக்கு ஃபோம் கடையில் ரீபாண்டட் என்று கேட்டால் கொடுப்பார்கள். துண்டு ஃபோம்களை அழுத்தி ஒட்டிய, கல் மாதிரி கெட்டியான பலகை. மேலே 2 சென்டிமீட்டர் மிருதுவான ஃபோம். விரலால் அழுத்தினால் பிசைந்து ஊறவைத்த சப்பாத்தி மாவு போலக் கொஞ்சம் நிதானமாக மேலே வர வேண்டும், ரப்பர் பந்து போலத் துள்ளக் கூடாது. செதுக்குவதற்கு மின்சாரத்தில் ஓடும் ரொட்டிக் கத்தியை விடச் சிறந்த கருவி கிடையாது. அது இல்லாத வீட்டில் ஆக்ஸா பிளேடு போதும். ரெக்சினை மட்டும் சீட் தைப்பவரிடம் விட்டுவிட்டேன். தையல் என் கைக்கு வராது.

அடுத்தது அந்த 3 சென்டிமீட்டர். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கவ்விக்கு அடியில் வைக்கிற இரண்டு அலுமினியக் கட்டைகள். ரைசர் என்பார்கள். இதில் ஒரு அழகான விஷயம் இருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நேராக நிற்பதில்லை, மேல்முனை நம் பக்கம் சாய்ந்திருக்கும். சாய்வு 25 பாகை என்றால், அந்தக் கோட்டிலேயே 30 மில்லிமீட்டர் கட்டை வைத்தால் ஹேண்டில்பார் 27 மில்லிமீட்டர் மேலே ஏறி, கூடவே 13 மில்லிமீட்டர் பின்னாலும் வந்துவிடும். மாப் குச்சி கேட்டது ஏறக்குறைய அதுவேதான். சாய்வான கரண்டிக் காம்பில் கையை மேலே நகர்த்தினால் கை நம்மை நோக்கியும் வருமே, அந்தக் கணக்கு.

ஆனால் கரண்டியே இன்னொன்றையும் சொல்லும். காம்பு நீளமானால் அடியில் விழும் விசையும் கூடும். கவ்வி முன்பு 40 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது, இப்போது 70 என்றால், அவசரமாக பிரேக் பிடித்து நம் பாரம் முழுக்க ஹேண்டிலைத் தள்ளும்போது அடியில் இருக்கும் போல்ட்டுகள் ஒன்றே முக்கால் மடங்கு முறுக்கைத் தாங்க வேண்டும். 30 மில்லிமீட்டரோடு நான் நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

அந்தக் கட்டைகளுக்காகக் கோவை கணபதிப் பக்கம் இருக்கும் லேத் பட்டறைக்குப் போனேன். கோவை வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது என்றால், அதன் பின்னால் இப்படிப்பட்ட பட்டறைகள் எத்தனையோ இருக்கின்றன. வீட்டில் கிடந்த இரண்டு அலுமினியத் துண்டுகளை ஒட்டி வெல்டிங் வைத்துத் தரச் சொல்லிக் கேட்டேன். பட்டறைக்காரர் நான் வரைந்து கொண்டுபோன படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, அதுக்கு எதுக்குங்க வெல்டிங்? ஒரே கட்டையில கடைஞ்சு குடுத்துர்றனுங்க.”

“வெல்டிங்னா செலவு கம்மியாகும்ல அண்ணா?”

“ஆஸ்பத்திரிச் செலவையும் சேத்துச் சொல்லுங்க.”

அவர் சொன்னதற்கான காரணம் அதிரசப் பாகில் இருக்கிறது. இப்படிக் கடையும் பைக் பாகங்களுக்கு அடிக்கடி 6061 என்கிற அலுமினியக் கலவையைப் பயன்படுத்துவார்கள். அதன் பலம் கலவையில் மட்டும் இல்லை, பதத்திலும் இருக்கிறது. சுமார் 530 டிகிரி செல்சியஸுக்குச் சுடவைத்து, தண்ணீரில் சட்டென்று அமுக்கி, பிறகு 170 டிகிரிப் பக்கம் பல மணி நேரம் வைத்திருந்து எடுத்த பதத்துக்கு டி6 என்று பெயர். வெல்டிங் சூடு பட்டால் இணைப்பைச் சுற்றி அந்தப் பதம் முறிந்து, பலம் பாதி அளவுக்கு இறங்கிவிடும். பதம் வந்த பாகில் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து அதிரசம் சுட்டால் எண்ணெயில் கலைந்துபோகும். வெளியிலிருந்து பார்த்தால் வெல்டிங் பளபளவென்று இருக்கும் என்பதுதான் கொடுமை.

போல்ட் விஷயத்தில் குக்கர் கைப்பிடியை நினைத்துக்கொள்ளலாம். எத்தனை வீட்டில் அந்தத் திருகு கழன்று ஆடுகிறது! அலுமினியத்தில் போட்ட மரை எஃகு மரையைப் போல உழைக்காது. ஆகவே போல்ட் அதற்குள் ஆழமாக இறங்க வேண்டும், குறைந்தது அதன் குறுக்களவைப் போல ஒன்றரை மடங்கு. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 12 மில்லிமீட்டர் ஆழம். தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அப்படிப்பட்ட 8 மில்லிமீட்டர் போல்ட்டை ஏறக்குறைய 3 டன் விசையில் இழுத்தால்தான் அறும். துரு ஏறாது என்று எவர்சில்வர் போல்ட் மாட்டுகிற ஆசை எனக்கும் இருந்தது. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 8.8-ஐ விடப் பலம் குறைந்தது, சீக்கிரமே நீண்டு கொடுக்கும்.

ஃபுட்ரெஸ்ட்டில்தான் நான் அடிபட்டேன். நல்லவேளை, உடம்பில் இல்லை. முழங்கால் தளர 25 மில்லிமீட்டர் இறக்கலாம் என்று அலுமினியப் பட்டையில் எல் வடிவத்தில் ஒரு தாங்கியை நானே அறுத்து, அரம் போட்டு, உள்மூலையைக் கத்தி மாதிரி கூர்மையாக நிறுத்தினேன். அழகுக்காக! இரண்டு மாதத்தில் வண்டி கழுவும்போது அந்த மூலையிலிருந்து தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது. பால் பாக்கெட்டைக் கையால் கிழித்துப் பாருங்கள், வராது. ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு, பிறகு சர்ரென்று போகும். கூர்மையான மூலை அந்த வெட்டுதான். விசை எல்லாம் அங்கே வந்து குவியும். உள்மூலையைச் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வளைத்திருந்தால் தப்பியிருக்கும். தவிர, எஃகைக் குறிப்பிட்ட விசைக்குக் கீழே எத்தனை கோடி முறை ஆட்டினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது, சின்னச் சின்ன அதிர்வும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். இரண்டாவது தாங்கியை எஃகில் செய்தேன். கனம் ஏறத்தாழ மூன்று மடங்கு, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஃபுட்ரெஸ்ட் இறங்கினால் கியர் லீவரும் பிரேக் பெடலும் கூடவே இறங்க வேண்டும். கல்லடுப்பு ஞாபகம் இருக்கிறதல்லவா. கியர் லீவரைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டலாம். பெடலின் உயரத்துக்குத் திருகு இருக்கும். மடங்குகிற ஃபுட்ரெஸ்ட் மடங்கியே தீர வேண்டும்: வளைவில் சாயும்போது தரையைத் தொட்டால் அது மேலே மடங்கும், மடங்காத இரும்பு வண்டியையே நெம்பித் தூக்கிவிடும்.

ஹேண்டில் ஏறினால் கேபிள்கள் நீளம் போதுமா என்பது அடுத்த சோதனை. மிக்ஸியை மேடையின் அந்தக் கோடிக்குத் தள்ளினால் ஒயர் விறைத்து நிற்கும் இல்லையா? என்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்து, ஹேண்டிலை இந்தக் கோடி வரைக்கும் அந்தக் கோடி வரைக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பும்போது என்ஜின் தானாக உறுமினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். பிரேக் ஹோஸ் எந்த நிலையிலும் விறைக்கக் கூடாது. பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் நான் வீட்டில் செய்வதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்திலிருந்து வண்டி மாறுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு, ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். ஃபோமைச் செதுக்குவது வேறு, சட்டகத்தை அறுப்பது வேறு என்று நாம் வாதாடலாம், எதிரில் நிற்கும் அதிகாரி ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆகவே செய்யும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்பது நல்லது. நான் சட்டகத்தில் ஒரு துளைகூடப் போடவில்லை. எல்லாமே ஒரு மணி நேரத்தில் கழற்றிப் பழையபடி மாட்டக்கூடியவை. அசல் பாகங்கள் பரணில், மணை இருந்த இடத்தில் துணியில் சுற்றிக் கிடக்கின்றன.

ரைசர் போல்ட்டுகளை இறுக்கியதும், ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் கட்டை வரைக்கும் மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தேன். போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா மணைமேல் நின்று டீ கொதிக்கவைக்கிற நேரத்துக்குள் நாலு கோட்டையும் பார்த்துவிடலாம். போன வாரம் ஒன்று மட்டும் மயிரிழை விலகியிருந்தது.