காடு மீட்கும் பணம் லயத்துக்கு வருமா?

மலைநாட்டின் அழகைப் போற்றாத பயணியைக் காண்பது அரிது. பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் என்னும் உவமை சொல்லிச் சொல்லியே தேய்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பச்சை காட்டின் பச்சையன்று என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஒரே இனச் செடி, ஒரே உயரத்திற் கவ்வாத்து வெட்டப்பட்டு, கண்ணுக்கெட்டிய தூரம் மலை மலையாய் நிற்கிறது. அதன் வேருக்கடியில் ஒரு பெருங்காட்டின் சரித்திரம் புதைந்து கிடக்கிறது.

முதலிற் கோப்பி வந்தது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். ஈராண்டுகளில் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. கோப்பி மாண்டது, தேயிலை ஆண்டது. கோடரி பிடித்துக் காட்டை வெட்டிய கைகளிற் பல, தமிழகத்திலிருந்து கால்நடையாகவும் தோணியிலும் வந்தவர்களின் கைகள். வெட்டச் சொன்னவர் வேறு; விளைந்த இலாபத்தை எடுத்துச் சென்றவரும் வேறு.

அழிவு முற்றாகாமல் தடுத்தது 1873ஆம் ஆண்டில் பிறந்த ஓர் ஏற்பாடு. தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கரின் யோசனையைக் கேட்டு, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாதென்று அன்றைய அரசு விதித்தது. மகாவலியும் களனியும் வளவையும் இன்றும் மலைமுடிகளிலே ஊற்றெடுக்கின்றனவென்றால் அந்த விதிக்கும் அதிலே பங்குண்டு. சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைக்காடு ஆகிய மூன்றையும் 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

முடியிலே காடு உண்டு. ஆனால் முடிக்கும் முடிக்கும் இடையே தேயிலைதான் உண்டு. ஓடைக்கரையில் ஒரு கீற்று, பாறைச் சரிவில் ஒரு திட்டு, விறகுக்கென நட்ட யூக்கலிப்டஸ் தோப்பு என்று சிதறிக் கிடப்பவற்றின் வழியாகவே விலங்குகள் நடமாடுகின்றன. டிக்கோயாவில் டன்கெல்ட் தோட்டத்தை நிலையமாகக் கொண்டு மறைகாமிராக்கள் வைத்து ஆராய்ந்தவர்கள், சிறுத்தை தேயிலைக்கு நடுவிலும் வாழ்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். லயத்து மக்களுக்கு அது புதிய செய்தியன்று.

2020ஆம் ஆண்டு மே மாதத்தில், மஸ்கெலியாவுக்கு அப்பால் நல்லதண்ணிப் பகுதியிலே, லக்ஷபானத் தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியிற் சிக்கியது. காண்பதற்கரிய உயிர் அது. உடவளவைக்குக் கொண்டு சென்று மருத்துவம் பார்த்தும் சில நாட்களில் இறந்தது. நாடெங்கும் கண்ணீர் வடித்தார்கள். கம்பி கட்டியவனைத் தூற்றினார்கள். கம்பி ஏன் கட்டப்படுகிறது என்று கேட்டவர் எத்தனை பேர்?

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு முதியவரிடம் நான் இதைப் பற்றிக் கேட்டேன்.

"பன்னி ஒரே ராத்திரியில கெழங்குப் பாத்தி பூராத்தையும் கிளறிப் போட்டுருதுங்க சார். புலிக்கா நாங்க கம்பி கட்டுறோம்?" என்றார் அவர். பிறகு கையை நீட்டி, எந்தக் கான் வழியாகச் சிறுத்தை இறங்கும், எந்தப் பாறையில் வெயில் காயும் என்றெல்லாம் வீட்டுக்கு வந்துபோகும் உறவினரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

கம்பி குற்றமே, சிறுத்தையைச் சட்டம் காக்கிறது, காக்கவும் வேண்டும். ஆயினும் லயத்துக்குப் பின்னாலுள்ள ஒரு துண்டு காய்கறிப் பாத்திதான் அக்குடும்பத்தின் மாதக்கடைசிச் சோறு என்பதையும் மறக்கலாகாது. பாத்திக்கு நல்ல வேலியும், ஓடைக்கரையில் மீண்டும் ஒரு காடும் இருந்தால், பன்றிக்கும் மனிதனுக்கும் சிறுத்தைக்கும் உள்ள பகை பெரிதும் தணியும். இவற்றுக்குக் கோடிகள் வேண்டியதில்லை. சிறு பணம் போதும். அது சரியான கையிற் சேர வேண்டும்.

அத்தகைய சிறு பணம் உலகில் இல்லாமலில்லை. பூகோள சுற்றாடல் வசதியின் சிறு மானியத் திட்டம் 1992இல் தொடங்கியது. 1994 முதல் இலங்கையிலும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் வாயிலாக நடைபெற்று வருகிறது. அரசாங்கங்களுக்கல்ல, ஊர்ச் சங்கங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் நேரே பணம் தருவது அதன் சிறப்பு. ஒரு வேலைக்கு 50,000 டாலர் வரையில் என்பது நெடுங்காலம் அதன் எல்லையாக இருந்தது. அதன் ஆறாம் கட்டத்தில் நக்கிள்ஸ் மலைச்சாரல், மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் வரையான கரையோரம், கொழும்பின் சதுப்பு நிலங்கள் ஆகியவற்றுக்கு முதலிடம் தரப்பட்டது. அவை தகுதியுடைய இடங்களே. ஆனால் ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் உள்ள தோட்டத்து மக்கள் இத்தகைய பணத்தைக் கேட்க நினைத்தாலும், எங்கிருந்து தொடங்குவது?

"காணி யாருடையது?" என்பதே மானியம் தருவோர் எவரும் கேட்கும் முதற் கேள்வி. தோட்டத் தொழிலாளி என்ன விடை சொல்வான்? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் போயிற்று. நிலம் அரசினது, பயிர் கம்பனியினது, வியர்வை மாத்திரமே தொழிலாளியினது. ஐந்து தலைமுறை வாழ்ந்த லயத்து அறைக்குக்கூட உறுதியில்லாதவன், ஓடைக்கரையில் மரம் நட எந்த உறுதியைக் காட்டுவான்?

பொதுப் பணம் தோட்டத்தின் எல்லையில் வந்து நின்றுவிடுவது இந்நாட்டுக்குப் புதிதன்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதி தோட்டக் குடியிருப்புகளுக்குத் தாராளமாய்ச் செல்லத் தடையாக நின்றது. வாக்குப் போட்டவன் தோட்டத்தான். வீதியும் விளக்கும் பெற்றது அடுத்த கிராமம். 2018இலேதான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. பிரதேச சபைக்குத் திறந்த கதவு, காடு மீட்கும் நிதிக்கும் திறக்க வேண்டும் என்பதே என் வாதம்.

முடியுமா என்று ஐயுறுவோர் கடலுக்கு அப்பால் ஆனைமலையைப் பார்க்கலாம். வால்பாறையும் நம் மலைகளைப் போலவே காட்டை வெட்டித் தேயிலை நட்ட மேட்டுநிலம். அங்கே 2000ஆம் ஆண்டையொட்டி இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த திவ்யா முத்தப்பாவும் சங்கர் ராமனும், தோட்டக் கம்பனிகளோடு பேசி, தேயிலைக்கிடையே எஞ்சிய காட்டுத் திட்டுக்களைக் காக்கச் செய்தார்கள். நாற்றுமேடை அமைத்தார்கள், உண்ணிச்செடியை வெட்டி அகற்றினார்கள், நூற்றுக்கு மேற்பட்ட இனங்களின் கன்றுகளை நட்டார்கள். நிலத்தின் உரிமை கம்பனிகளிடமே இருந்தது, உடன்பாடு போதுமானதாயிற்று. அங்கே கற்க வேண்டிய முதற் பாடம் இதுவே.

அப்படியானால் இங்கு செய்யத்தக்கது என்ன? காணியுறுதிக்குப் பதிலாக, கம்பனியும் அரசும் கையொப்பமிட்ட நீண்டகால அனுமதிப் பத்திரம் போதுமென்று மானியம் தருவோர் ஏற்கட்டும். விண்ணப்பம் தமிழிலே இருக்கட்டும். புதுச் சங்கம் அமைத்துப் பதிவு செய்து வா என்று அலைக்கழியாமல், தோட்டந்தோறும் உள்ள மரண உதவிச் சங்கத்தையும் மாதர் சங்கத்தையும் கோயிற் சபையையும் நம்பட்டும். தோட்டத்தானுக்குக் கணக்கு வைக்கத் தெரியாது என்பவர், மரண உதவிச் சங்கத்தின் கொப்பியைத் திறந்து பார்க்க வேண்டும். இழவு வீட்டுக்குப் பெட்டிக்கும் தேநீருக்கும் கொடுத்த காசு, ஒரு சதம் பிசகாமல் அதிலே எழுதப்பட்டிருக்கும்.

பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதும் முக்கியம். பதாகை கட்டி, புகைப்படம் எடுத்து, ஆயிரம் கன்று நட்டுவிட்டுப் போவது காடாகாது. மலையிலே கன்று நிலைக்க வேண்டுமானால் மானாப்புல்லை ஆண்டுதோறும் வெட்டி விலக்க வேண்டும். இரண்டாண்டு மானியம் முடிந்ததும் புல் மூடிவிட்டால் எல்லாம் வீண். ஆகவே நடும் கூலியைவிடக் களையெடுக்கும் கூலிக்கே மிகுதியாக ஒதுக்க வேண்டும்; அக்கூலி தோட்டத்து இளைஞருக்கும் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும். யூக்கலிப்டஸ் அன்றி, நாவலும் காட்டுச் செண்பகமும் போன்ற நம் மலையின் மரங்கள் வளர வேண்டும். பாத்திகளுக்கு வேலி, மானியத்தின் முதற் செலவாக இருக்க வேண்டும்.

கம்பனிகளுக்கு ஓர் அச்சம் உண்டு: மரம் நட்டவன் நாளை நிலத்தையும் கேட்பான் என்று. கேட்டால்தான் என்ன? 150 ஆண்டு உழைத்தவன் ஒரு துண்டு நிலம் கேட்பது அநியாயமன்று. ஆனால் அது வேறு வழக்கு. தனியே தீர்க்க வேண்டியது. அது தீரும்வரை ஓடை வற்றாமலும் சிறுத்தை சாகாமலும் காத்திருக்கப் போவதில்லை.

காட்டை வெட்டிய தலைமுறைக்கு அன்று தெரிவு இருக்கவில்லை. அவர்கள் ஏவலுக்கு வெட்டினார்கள். காட்டை மீட்கும் தலைமுறைக்கேனும் அந்தத் தெரிவைக் கொடுப்போம். ஏவலாகவன்றி, தங்கள் சங்கத்தின் பெயரால், தங்கள் கொப்பியிற் கணக்கெழுதி, தங்கள் மலையென்று எண்ணி அவர்கள் நடும் மரம் பட்டுப்போகாது.