ஓடா, தளமா?

பெங்களூரின் பழைய வீடுகளில் ஒவ்வொரு மழைக்கு முன்பும் எழுகிற கேள்வி. பதில் ஓட்டில் இல்லை. அதற்கு அடியில் இருக்கிறது.

ஆஸ்டின் டவுனுக்கு கிட்டல் நகர் என்று இன்னொரு பெயர் உண்டு. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார். கன்னட - ஆங்கில அகராதியை 1894-இல் வெளியிட்ட ஜெர்மன் பாதிரியார் ஃபெர்டினாண்ட் கிட்டலின் நினைவாக வைத்த பெயர் அது. கிட்டல் பேசல் மிஷனைச் சேர்ந்தவர். அதே மிஷன்தான் 1865-இல் மங்களூரின் ஜெப்புவில், நேத்ராவதி ஆற்றோரக் களிமண்ணை நம்பி ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பள்ளத்தில் பூட்டிக்கொள்ளும் அந்த ஓட்டின் மூல வடிவம் பிரான்சில் கிலார்டோனி சகோதரர்கள் 1841-இல் காப்புரிமை பெற்றது. நம் நாட்டில் அதற்கு மங்களூர் ஓடு என்று பெயர் நிலைத்துவிட்டது.

பெங்களூர் கன்டோன்மென்ட் 1947 ஜூலையில்தான் பிரிட்டிஷாரிடமிருந்து மைசூர் அரசின் கைக்குத் திரும்பியது. அந்தப் பகுதிப் பேட்டைகளில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓட்டு வீடு என்றால் பாட்டி வீடு. ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, விவேக் நகர் பக்கம் இன்று நடந்தால் கையகல மனைகளில் மூன்று மாடி, நான்கு மாடி எழும்பி நிற்பதைத்தான் பார்க்க முடியும். அவற்றுக்கு நடுவே பல் விழுந்த வாயில் மிஞ்சிய பல் போல ஓர் ஓட்டு வீடு. மழை தொடங்கும் முன் அந்த வீட்டில் வழக்கு தொடங்கிவிடும். ஒழுகுகிறது, இறக்கிவிட்டுத் தளம் போடுவோம் என்பார் மகன். நாலு ஓடு மாற்றினால் போதும் என்பார் அப்பா. மேஸ்திரியைக் கேட்டால் தளம்தான் என்பார். அவருக்கு அதில்தான் வேலை அதிகம்.

உண்மையில் ஒழுகல் என்பது கூரையை மாற்றுவதற்கான காரணமே அல்ல. ஒழுகுகிற இடம் ஒன்றா, பலவா என்பதுதான் முதல் கேள்வி. ஒரே இடத்தில் சொட்டினால் அங்கே ஓர் ஓடு விரிந்திருக்கும், அல்லது பக்கத்து வீட்டுச் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் பூச்சு விட்டிருக்கும். பூனை ஓடியது, தேங்காய் விழுந்தது, பையன்கள் அடித்த பந்து வந்து இறங்கியது என்று ஓடு உடைய நூறு வழி. தட்டிப் பார்த்தால் நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது சுரத்தில்லாமல் மழுங்கிய ஓசை தரும். இதற்கு ஒரு நாள் வேலையும் சில ஓடுகளும் போதும். நன்றாகச் சுட்ட ஓடு, தன்னைத் தாங்கும் மரத்தைவிட நீண்ட நாள் வாழும். இறக்கிய பழைய ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கம்பெனியின் பெயரும் ஊரும் அச்சாக நிற்கும். பல கம்பெனிகள் மூடியாகிவிட்டன. ஓடு இன்னும் மழையைத் தடுக்கிறது.

ஒழுகல் பல இடங்களில் பரவி, ஒவ்வொரு மழைக்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் விஷயம் வேறு. அப்போது கெட்டிருப்பது ஓடு அல்ல, அதைத் தாங்கும் ரீப்பரும் கைமரமும். தெருவின் எதிர்ப்புறம் போய் நின்று கூரையின் முகட்டைப் பார்க்க வேண்டும். கோடு நேராக இருந்தால் கவலை இல்லை. நடுவில் கயிற்றுக் கட்டில் போலத் தொய்ந்திருந்தால், சரிவு குறைந்து, ஓட்டுப் பூட்டுகள் விலகி, காற்றடிக்கும் மழை உள்ளே புகுகிறது என்று அர்த்தம். பிறகு ஏணி வைத்து உள்ளே ஏறி, விட்டத்தின் முனைகள் சுவருக்குள் நுழையும் இடத்தை ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். மரம் முதலில் உளுப்பது அங்கேதான். சுவரின் ஓதத்தை அது வருடக்கணக்கில் குடித்திருக்கும். வெளியே தெரியும் பகுதிக்கு வார்னிஷ் அடித்து வைத்திருப்பார்கள், பளபளக்கும். முனையில் குத்தினால் ஸ்குரூ டிரைவர் அரை அங்குலம் சிரமமில்லாமல் இறங்கும். அடியில் மாவு கொட்டியிருந்தால் வண்டு, மண் வரி ஓடியிருந்தால் கறையான். விட்டத்தின் முனை போய்விட்டால் ஓடு எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்தக் கூரைக்குக் காலம் முடிந்தது. அதன் கீழே தொட்டில் கட்டக் கூடாது.

சரி, இறக்கியாக வேண்டும். அடுத்து என்ன போடுவது? பத்தில் ஒன்பது பேர் யோசிக்காமல் சொல்லும் பதில் கான்கிரீட். இங்கேதான் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. 300 சதுர அடி வீடு என்று வைத்துக்கொள்வோம். நூறு சதுர அடிக்குச் சுமார் 150 ஓடு, ஓடு ஒன்று இரண்டு முதல் இரண்டரை கிலோ. சரிவையும் சேர்த்துப் பார்த்தால் மொத்த ஓட்டின் எடை ஒன்றேகால் டன்னுக்குள் அடங்கும். மரத்தையும் கூட்டினால் ஏறக்குறைய இரண்டு டன். அதே வீட்டுக்கு நாலு அங்குலத் தளம் போட்டால் கான்கிரீட் மட்டும் ஏழு டன். அதன் மேல் சுர்க்கியும் தட்டோடும் பதித்தால் பத்து டன்னை எட்டும். ஐந்து மடங்கு.

ஓட்டுக்காகக் கட்டிய பழைய சுவர்களில் பல, செங்கல்லை மண்சாந்தில் அடுக்கி மேலே சுண்ணாம்பு பூசியவை. அஸ்திவாரமும் ஆழமில்லை. அந்தச் சுவர் இரண்டு டன்னுக்குப் பழகியது. அதன் தலையில் பத்து டன்னை ஏற்றி, பிறகு ‘மேலே ஒரு ரூம் மட்டும்’ என்று இன்னொரு பத்தை ஏற்றுவதுதான் இந்தப் பேட்டைகளில் நடப்பது. பெரும்பாலான வீடுகளில் கேள்வியே கூரையைப் பற்றியது அல்ல, வாடகையைப் பற்றியது. நகரின் நடுவில் மனை இருக்கிறது, மாடி எழுப்பினால் மாதம் பணம் வரும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது வீட்டை இடித்து அஸ்திவாரத்திலிருந்து தூண் எழுப்பிச் செய்ய வேண்டிய வேலை. மண்சாந்துச் சுவர் ஒரு பொறியாளரின் கண்ணில் படாமலே ஒழுகல் என்ற சாக்கில் அதன் மேல் தளத்தைக் கொட்டுவது வீட்டுக்காரர் தன் குடும்பத்தோடு ஆடும் சூதாட்டம்.

கான்கிரீட் என்றால் நிரந்தரம் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டு நாளாயிற்று. ஆஸ்டின் டவுனிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஈஜிபுராவில் 1990களின் தொடக்கத்தில் ஏழைகளுக்காக எழுந்த அடுக்குமாடிகள் இருபது ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. சில கட்டடங்கள் இடிந்து விழுந்தன. 2013 ஜனவரியில் அங்கே எஞ்சியிருந்தவர்களை மாநகராட்சி வெளியேற்றியது. சென்னை திருவொற்றியூரில் 1993-இல் கட்டிய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி 2021 டிசம்பர் 27 அன்று தரைமட்டமானது. விரிசலைக் கவனித்து முன்கூட்டியே எல்லோரும் வெளியே வந்துவிட்டதால் உயிர்கள் தப்பின.

தளமும் சொல்லிவிட்டுத்தான் போகிறது. கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடங்கள் செல்லச் செல்ல அந்தக் காரத்தைத் தின்றுகொண்டே உள்ளே போகிறது. கம்பியைத் தொட்டதும் துரு தொடங்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அது வீங்கித் தள்ளும்போதுதான் கூரையின் அடியில் கம்பி போகும் கோட்டிலேயே கீறல் விழுந்து, பழுப்புக் கறை படிந்து, கடைசியில் காரை பெயர்ந்து சோற்றுத் தட்டில் விழுகிறது. தளத்தை அடியிலிருந்து கம்பால் தட்டினால் பொத்தென்ற ஓசை வரும் இடமெல்லாம் உள்ளே விட்டுப்போன இடம். பொறியாளர்கள் உடைந்த பரப்பில் பினாப்தலின் திரவத்தைத் தெளித்துப் பார்ப்பார்கள். இளஞ்சிவப்பானால் கான்கிரீட்டுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் காரம் போய்விட்டது. இந்த நிலையில் மொட்டை மாடியில் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிப்பது ஒழுகலை நிறுத்தலாம், துருப்பிடித்த கம்பியைத் திரும்பக் கொண்டுவராது. ஓரிரு இடம் என்றால் துருவைச் சுரண்டிச் செப்பனிடலாம். பாதித் தளம் பொத்தென்று ஒலித்தால் இறக்க வேண்டியதுதான்.

தளத்துக்குப் பணம் புரளாதவர்கள் எடுக்கும் வழி ஷீட். சிமெண்ட் ஷீட் என்று கடையில் கேட்டு வாங்கும் அந்த நெளி தகடு பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளியின் ஓலைக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைப் பலிகொண்ட பிறகு, ஓலையை எப்போது மாற்றுவது என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஓலையை இறக்கிய ஏழைகளின் கைக்கு எட்டியது பல இடங்களில் இந்த ஷீட்தான். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலம் அவர்களது அடிப்படை உரிமை என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கா, அங்கே மிச்சமிருந்த வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்கும் 2024 மார்ச்சில் தடை விதித்தது. நம் கடைகளில் இன்னும் விற்கிறது.

ஏற்கெனவே தலைக்கு மேல் இருப்பவர்கள் பதற வேண்டாம். உடையாத, உதிராத ஷீட்டில் நார்கள் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கின்றன. அறுக்கும்போதும், துளை போடும்போதும், பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கும்போதும்தான் தூசி கிளம்பி நுரையீரலுக்குள் போகிறது. நோய் தலைகாட்ட இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும் என்பதால் யாரும் கூரையைக் குற்றம் சொல்வதில்லை. விளிம்பு உதிர்ந்து நார் தெரியத் தொடங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இறக்கும்போது தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுத் தகடாக இறக்க வேண்டும். சம்மட்டியால் அடித்து நொறுக்கிவிட்டுத் துடைப்பத்தால் பெருக்குவதுதான் வழக்கத்தில் இருக்கிறது, மிக மோசமான வழியும் அதுதான். உடைந்த துண்டைக் கோழிக்கூண்டுக்கு வைத்துக்கொள்வதும் வேண்டாம். பழைய ஷீட்டின் மேல் ஏறி நடப்பது இன்னொரு ஆபத்து. மழையில் நனைந்த பழைய தகடு சத்தமில்லாமல் உடைந்து ஆளை உள்ளே தள்ளிவிடும்.

மாற்று இல்லாமல் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத ஃபைபர் சிமெண்ட் ஷீட் கிடைக்கிறது. அலுமினியமும் துத்தநாகமும் பூசிய கலர் ஷீட் எடை குறைவு, பழைய சுவருக்குப் பாரமில்லை. ஆனால் மழை பெய்தால் டி.வி. சத்தம் கேட்காது, ஏப்ரலில் அடுப்பாகிவிடும். பெங்களூரில் ஏப்ரல் வெயில் இப்போது அலட்சியப்படுத்தும் விஷயமல்ல. 2016 ஏப்ரல் 24 அன்று 39.2 டிகிரி பதிவானது. கீழே ஒரு சீலிங்கும் இடையில் காற்றுப் போக வழியும் இல்லாமல் கலர் ஷீட் போடுபவர் மிச்சம் பிடித்த பணத்தை மின்விசிறிக்கும் கூலருக்கும் கொடுப்பார். சுவர் நன்றாக இருந்து மரம் மட்டும் உளுத்த வீடுகளுக்கு என் ஓட்டு, இரும்புக் குழாய்ச் சட்டத்துக்கு. உளுத்த மரத்தை எடுத்துவிட்டு, துருத் தடுப்புப் பூச்சு அடித்த குழாய்களை வெல்டிங் பட்டறையில் சட்டமாக்கி ஏற்றி, அதே பழைய ஓட்டைக் கழுவித் திரும்பப் போடுவது. எடை கூடாது, கறையான் வராது, வீடும் குளிர்ச்சியாக இருக்கும். மாடி வாடகை மட்டும் கிடைக்காது.

எந்த மாதத்தில் இறக்குவது என்பதில் பெங்களூருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இங்கே ஆண்டு மழை சுமார் 97 செ.மீ., செப்டம்பரில் உச்சம். வடகிழக்குப் பருவமழையும் எட்டிப் பார்க்கும். ஏப்ரலில் மாங்காய் மழை ஆலங்கட்டியோடு வரும். ஆகவே கூரையைத் திறந்து போட ஏற்றது ஜனவரி முதல் மார்ச் வரை. ஓட்டுக்கும் ஷீட்டுக்கும் இது சரி. தளத்துக்கோ குறைந்தது ஏழு முதல் பத்து நாள் தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும், தண்ணீர் இல்லாத மாதங்களும் அவைதான். 2024 மார்ச்சில் கட்டுமானத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் அறிவித்தது. லாரித் தண்ணீருக்குப் பணம் ஒதுக்காமல் தளத்துக்கு எஸ்டிமேட் போடுபவர் பாதி வெந்த தளத்தைத்தான் பெறுவார்.

வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை பாக்கி. நடுச்சுவர் பொதுச்சுவர். ஒரு வீடு மாடியாகி மறு வீடு ஓடாகவே நின்றால், மாடியின் சுவரில் வழியும் மழை முழுவதும் ஓட்டுக் கூரையின் ஓரத்தில் இறங்கும். மேல் சுவரில் காடி வெட்டி, தகரப் பட்டையை அதற்குள் செருகி, மறு முனையை ஓட்டின் மேல் படிய விட வேண்டும். கட்டி முடித்த பிறகு அந்தக் காடியை வெட்ட எந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் சம்மதிப்பதில்லை. சென்ட்ரிங் அடிக்கும் முன்பே பேசிவிடுவது நல்லது. பழைய மரத்தையும் ஓட்டையும் இடிப்புக் கூலிக்கு ஈடாக எடுத்துக்கொள்கிறேன் என்று கான்டிராக்டர் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். பழைய வீடுகளின் கைமரங்களில் தேக்கும் இருக்கும். எத்தனை மரம், எத்தனை அடி நீளம் என்று எழுதி வைத்துக்கொண்டு, பழைய மரக் கடையில் விலை விசாரித்த பிறகே ஆளை மேலே ஏற்றுங்கள்.